வன்னி வெயிலில் தங்கமீன்: தண்ணீரும் துணை மீன்களும்

கடையில் இரண்டு தங்கமீன் வாங்கி, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, இரண்டு கிழமைக்குள் இரண்டும் செத்து மிதப்பதைப் பார்த்த வீடுகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நிறைய உண்டு. "எங்கட தண்ணி அதுக்கு ஒத்துவராது", "அது குளிர்நாட்டு மீன்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பரணில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு காரணமும் பாதிதான் சரி. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் தங்கமீனுக்குக் கெட்டதே அல்ல. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அந்த வன்னீரில், அதாவது சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில், தங்கமீன் நன்றாகவே வளரும். ஆனால் அதே தண்ணீரும் எங்கள் வெயிலும் சேரும்போது, மீன் வெளியேற்றும் கழிவு பல மடங்கு நஞ்சாகிவிடுகிறது. இது ஏன் என்று விளங்கிவிட்டால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், எவ்வளவு தீனி போடவேண்டும், கூட எந்த மீனை விடலாம் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கழிவு நஞ்சாகும் விதம்

தங்கமீன் தின்னும் தீனியிலுள்ள புரதத்தின் கழிவு பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே, அதாவது பூ வழியே, தண்ணீரில் கலக்கிறது. எச்சமும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது இன்னும் அமோனியா சேரும். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மீனுக்கு அவ்வளவு தீங்கில்லாதது. மற்றது செவுளைச் சுட்டுப் புண்ணாக்கும். எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவும், வெப்பமும்தான் தீர்மானிக்கின்றன.

பிஎச் 7, வெப்பம் 25 பாகை செல்சியஸ் என்றால் மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் 100இல் 1 பங்குகூட இல்லை. பிஎச் 8, வெப்பம் 30 பாகை என்றால் அது 100இல் 7 பங்கைத் தாண்டும். வன்னியில் பல கிணறுகளின் பிஎச் 7.5க்கும் 8க்கும் இடையில் அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும். கோடையில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியே 30 பாகையைத் தொடும். அதாவது குளிரான நுவரெலியாவில் ஒருவர் ஒரு கிழமை தண்ணீர் மாற்றாமல் தப்பிக்கொள்ளலாம். அதே மீன், அதே தீனி, அதே அளவு தொட்டி மாங்குளத்தில் இருந்தால் மீன் மூன்றாம் நாளே வாயை மேலே தூக்கும்.

ஒட்சிசன் கதையும் இதுவேதான். 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். 32 பாகையில் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேலேதான். தண்ணீர் சூடாகச் சூடாக மீனின் உடல் வேகமாக இயங்கும், அதற்கு ஒட்சிசன் கூடத் தேவைப்படும். தேவை ஏறும் நேரத்தில்தான் இருப்பு இறங்குகிறது. தங்கமீனுக்கு மிக வசதியான வெப்பம் 18 முதல் 24 பாகை. பழகிய மீன் 28 வரை சிரமமில்லாமல் இருக்கும். 30ஐத் தாண்டிய தண்ணீரில், எயார் பம்ப் ஓடினால் மட்டுமே, அதுவும் கூட்டம் குறைவாக இருந்தால் மட்டுமே தாங்கும்.

எத்தனை லீற்றருக்கு எத்தனை மீன்

தங்கமீன் சின்ன மீன் என்ற எண்ணத்தைத்தான் முதலில் விடவேண்டும். கடையில் விரல் நீளத்தில் இருப்பது குஞ்சு. ஒற்றை வாலுள்ள கொமெற், சுபுங்கின் போன்றவை 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். ஒராண்டா, ரியுகின், பான்டெயில், பிளாக் மூர் போன்ற உருண்டை உடல், இரட்டை வால் வகைகள் 15 முதல் 20 வரை. நன்றாகப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆண்டு உயிரோடிருக்கும். சின்னத் தொட்டியில் விட்டால் மீனும் அளவோடு நின்றுவிடும் என்பது ஆறுதலுக்குச் சொல்வது. நிற்பது உண்மைதான். கழிவு தேங்கிய தண்ணீரில் வளர்ச்சி தடைப்பட்டு, முதுகு வளைந்து, வயது முடியாமலே சாகும்.

உருண்டை உடல் மீனுக்கு முதல் ஒன்றுக்கு 75 லீற்றர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லீற்றர் என்று கணக்கு வையுங்கள். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான கண்ணாடித் தொட்டியில் மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 160 லீற்றர் பிடிக்கும். அதில் மூன்று மீன் சுகமாக இருக்கும். அந்தத் தண்ணீர் மட்டுமே 160 கிலோ என்பதையும் மறக்கவேண்டாம். சாப்பாட்டு மேசையிலோ பிளாஸ்ரிக் மேசையிலோ வைக்கிற பாரமல்ல அது. இரும்புச் சட்டகம் அல்லது சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் பலகை, பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ரெஜிபோம் தகடு. 2 அடி, 1 அடி, 1 அடித் தொட்டி 50 லீற்றர்தான். அது குஞ்சு வளர்க்கவும் நோய்ப்பட்ட மீனைத் தனியே வைக்கவும் நல்லது, நிரந்தர வீடாக வேண்டாம்.

கொமெற் வளர்க்க விரும்பினால் முற்றத்துச் சீமெந்துத் தொட்டிதான் சரி. ஒன்றரை மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் 900 லீற்றர். ஐந்தாறு கொமெற் அதில் ஓடித் திரியும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் 10ஐத் தாண்டும். அதில் விட்ட மீன் ஒரு நாளில் செத்துவிடும். நிரப்பி, மூன்று நான்கு நாள் விட்டு, வடித்து, சுவரை உரசிக் கழுவி, திரும்ப நிரப்பி என்று மூன்று கிழமையாவது செய்யவேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் வழக்கம் உதவும், ஆனால் அது கழுவி வடிப்பதற்கு மாற்றல்ல. கடைசியாக நிரப்பிய தண்ணீரின் பிஎச் அளவு கிணற்றுத் தண்ணீரின் அளவோடு ஒத்துவந்த பிறகே மீன். மேலே கிடுகுப் பந்தல் போட்டு அரைவாசிக்காவது நிழல் கொடுங்கள். கொக்கும் மீன்கொத்தியும் பூனையும் வரும், ஆகவே வலையும் வேண்டும்.

தொட்டியின் அடியில் என்ன போடுவது? தங்கமீன் நாள் முழுக்க அடியைக் கிளறி, வாயில் அள்ளி, துப்பும். பட்டாணி அளவுக் கல் சரியாகத் தொண்டையில் மாட்டும். மெல்லிய ஆற்றுமணலைக் கழுவி ஒரு விரல் கனத்துக்குப் பரப்பலாம். இல்லாவிட்டால் ஒன்றும் போடாமல் விடலாம், துப்புரவு செய்ய அதுதான் இலகு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து அள்ளிய மணலும் சிப்பியும் முருகைக்கல்லும் வேண்டாம். ஏற்கெனவே வன்னீர், அதில் இன்னும் சுண்ணாம்பைக் கரைக்கவேண்டியதில்லை.

எந்தத் தண்ணீர்

திறந்த கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் நல்லது. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு, கரியமில வாயு கூட. சில இடங்களில் இரும்பும் இருக்கும். இறைத்து வைத்தால் சிவப்பு மண்டி படிவதைக் கண்டிருப்பீர்கள். அதை நேரே தொட்டிக்குள் விடாமல் ஒரு பெரிய பரலில் எயார் பம்ப் போட்டு ஓரிரவு வைத்து, மண்டி இறங்கியபின் மேல்தண்ணீரை எடுங்கள்.

குழாய்வழி விநியோகத் தண்ணீரில் குளோரீன் இருக்கும். எயார் பம்ப் போட்டு 24 மணித்தியாலம் திறந்து வைத்தால் போய்விடும். அவசரமென்றால் மீன்கடைகளில் விற்கும் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேற்று, 100 லீற்றருக்கு 1 கிராம் போதும். மாரி வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்கள். அந்த நாட்களில் உங்கள் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீர் மாதிரித்தான், இன்னும் கடுமையாகவும் இருக்கும். மணம் முற்றாகப் போகும்வரை அதை மீனுக்கு எடுக்காதீர்கள்.

குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீரை மீனுக்கு விடுவது வன்னியில் பலர் செய்வது. தூய தண்ணீர் என்பதால் மீனுக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். அதில் கனியுப்பு அநேகமாக இல்லை. பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால், கழிவு சேரச்சேர அது திடீரென்று விழும். தங்கமீனுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். கிணறு மிகவும் உவர்ப்பாக இருந்தால் மட்டும் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

வயல் வீடுகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பூச்சிமருந்து கலக்கிய வாளியையோ, மருந்துப் போத்தலில் வெட்டிய கோப்பையையோ எத்தனை தரம் கழுவினாலும் மீன் வேலைக்கு எடுக்கவேண்டாம். தொட்டிக்கென்று தனி வாளி, தனிக் குழாய். நுளம்புச் சுருளின் புகையிலும் டெங்குப் புகையடிப்பிலும் இருப்பது மீனுக்குக் கடும் நஞ்சான பூச்சிகொல்லி. எயார் பம்ப் அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் சுருள் கொளுத்தக்கூடாது. புகையடிக்க வந்தால் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, புகை முழுதாகக் கலைந்த பிறகு திறவுங்கள்.

தொட்டியைத் தயார்படுத்தல்

புதுத்தொட்டி தெளிவாக இருந்தாலும் மீனுக்கு அது வெறும் தண்ணீர்தான். அமோனியாவைத் தின்று நைத்திரைற்றாக மாற்றும் ஒருவகைப் பற்றீரியாவும், நைத்திரைற்றை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாக மாற்றும் இன்னொரு வகையும் பில்டர் ஸ்பொஞ்சில் குடியேறவேண்டும். அதற்கு எங்கள் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து கிழமை ஆகும். இந்த இடைவெளியில்தான் கிண்ணத்து மீன்கள் சாகின்றன.

மீன் வாங்கும் முன்பே தொட்டியை நிரப்பி, ஸ்பொஞ்ச் பில்டரை ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு வாருங்கள். அது அழுகி அமோனியா உண்டாகும். பரிசோதனைத் திரவத்தால் பார்த்தால் முதலில் அமோனியா ஏறி இறங்கும், பின்பு நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியமாகி நைத்திரேற்று மட்டும் காட்டும் நாளில், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் ஸ்பொஞ்சைக் கொண்டுவந்து உங்கள் பில்டரில் சேர்த்தால் இந்தக் காலம் பாதிக்கு மேல் குறையும். அந்த ஸ்பொஞ்ச் வழியில் காயக்கூடாது, அதே தொட்டித் தண்ணீரில் நனைத்தபடி பையில் வரவேண்டும்.

ஏற்கெனவே மீன் வாங்கி வந்துவிட்டதென்றால் வழி ஒன்றுதான். ஒரு மாதத்துக்கு நாள்தோறும் கால்பங்குத் தண்ணீர் மாற்றம், தீனி ஒருநாள்விட்டு ஒருநாள், லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பு. உப்பு எதற்கு? நைத்திரைற்று மீனின் இரத்தத்துக்குள் போனால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கமுடியாமல் போகும். உப்பிலுள்ள குளோரைட்டு, செவுளில் நைத்திரைற்று நுழையும் வழியை மறிக்கும்.

நெடும் பயணத்தில் பையில் வந்த மீனை விடும்போதும் கவனம் வேண்டும். மூடிய பையில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு கூடி, பிஎச் இறங்கி, அமோனியா பெரும்பாலும் தீங்கில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்து அரைமணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் ஊற்றினால், வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அந்த அமோனியாவில் நச்சு வடிவம் பல மடங்கு கூடிவிடும். ஆகவே கட்டியபடியே பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, மீனை மட்டும் வலையால் உடனே எடுத்து விட்டு, பைத்தண்ணீரை வெளியே கொட்டுங்கள்.

கிழமை வேலையும் கோடைக்கால வேலையும்

கிழமைக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்குத் தண்ணீர் மாற்றவேண்டும். அடியிலுள்ள எச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். ஆவியாகிக் குறைந்த அளவை மட்டும் நிரப்புவது தண்ணீர் மாற்றமாகாது. ஆவியாவது வெறும் நீர். சுண்ணாம்பும் நைத்திரேற்றும் தொட்டியிலேயே தங்கி, மாதக்கணக்கில் கெட்டியாகும். அமோனியாவும் நைத்திரைற்றும் எப்போதும் பூச்சியம், நைத்திரேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே என்பதே அளவு. மணிபிளான்ட் கொடியின் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டால் நைத்திரேற்றைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

ஸ்பொஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்கவேண்டாம், பற்றீரியா முழுவதும் போய்விடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரில் மாதத்துக்கு இருமுறை நாலைந்து தடவை பிழிந்தாலே போதும். தண்ணீர் மாற்ற ஏற்ற நேரம் விடியற்காலை. மேல்தாங்கிக்குள் நின்ற தண்ணீர் மத்தியானத்தில் கைசுடும் அளவுக்கு இருக்கும். அதை அப்படியே திறந்துவிட்டால் சில நிமிடத்தில் தொட்டி ஐந்தாறு பாகை ஏறும்.

சோளகக் காற்றுக் காலத்தில் தகரக் கூரைக்கோ சீற்றுக்கோ கீழே, மேற்கு யன்னலருகே தொட்டி இருக்கக்கூடாது. மூடியைக் கழற்றி வலை போட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி வையுங்கள். ஆவியாதலால் 2 முதல் 4 பாகை வரை இறங்கும். அந்தப் பருவத்தில் காற்று உலர்ந்திருப்பதால் இது எங்கள் பக்கம் நன்றாகவே வேலை செய்யும். தொட்டி கைமீறிச் சூடானால் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மிதக்கவிடலாம், ஒரு தடவைக்கு 2 பாகைக்கு மேல் இறக்கவேண்டாம். ஐஸ்கட்டியை அள்ளிக் கொட்டுவது வெயிலைவிட வேகமாகக் கொல்லும்.

கறண்ட் போனால் முதலில் நிறுத்தவேண்டியது தீனி. பற்றரியில் ஓடும் சிறு எயார் பம்ப் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு செம்பால் தண்ணீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் இருபது தடவை. மூடிய பெட்டி வகைப் பில்டர் சில மணித்தியாலம் நின்றிருந்தால் உள்ளே பற்றீரியா செத்து அழுகத் தொடங்கும், அதைக் கழுவாமல் திரும்ப ஓடவிடக்கூடாது. முற்றத்துத் தொட்டி பச்சையாகப் பாசிபிடித்திருந்தால் விடியுமுன் நேரம்தான் மிக ஆபத்து. பகலில் ஒட்சிசன் கொடுத்த பாசி இரவில் அதையே இழுக்கும். காலை ஆறுமணிக்கு மீன்கள் மேலே வாய் பிளந்து நின்று, ஒன்பது மணிக்குச் சாதாரணமாக நீந்தினால் காரணம் அதுதான். எயார் பம்பை இரவில் ஓடவிடுங்கள்.

தீனி

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குள் போகிறது, அதனால் எந்நேரமும் பசித்ததுபோலவே நடிக்கும். ஒன்றரை நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இருமுறை, அதற்கு மேல் வேண்டாம். உருண்டை உடல் மீனுக்கு மிதக்கும் தீனியைவிட அமிழும் உருண்டைத் தீனி நல்லது. போடுமுன் தொட்டித் தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறவையுங்கள். கிழமையில் இரண்டு நாள் அவித்த கங்குன் கீரையோ, தோல் நீக்கிய அவித்த பட்டாணியோ கொடுக்கலாம். மாட்டுக்கு வளர்க்கும் அசோலா இருந்தால் ஒரு பிடி கழுவிப் போடுங்கள், நாள் முழுக்க மேயும். பாணும் சோறும் பிஸ்கற்றும் வேண்டாம். அவை மீனின் வயிற்றை விடத் தண்ணீரையே முதலில் கெடுக்கும். வாய்க்காலில் அள்ளிய நுளம்புக் குடம்பியை மீன் ஆசையாகத் தின்னும், ஆனால் அதோடு ஒட்டுண்ணியும் வரும்.

கூட எந்த மீனை விடலாம்

இணையத்தில் தேடினால் தங்கமீனோடு விடக்கூடியவை என்று ஒரு பட்டியல் வரும். வைற் கிளவுட் என்ற சின்ன மீன், டோஜோ லோச் என்ற அயிரை இனம் என்று அது போகும். அந்தப் பட்டியல் குளிர்ந்த நாட்டு வீடுகளுக்கு எழுதியது. அந்த மீன்களுக்கும் 24 பாகைக்குக் கீழேதான் சுகம். தங்கமீனே திணறும் எங்கள் கோடையில் அவை அதைவிட முன்பே திணறும்.

அதற்காக வெப்பம் தாங்கும் வெப்பமண்டல மீனை விடலாம் என்று முடிவுகட்டவும் கூடாது. துணைமீனிடம் நான்கு விடயம் பார்க்கவேண்டும்: தங்கமீனின் வாய்க்குள் போகாத அளவு, செட்டையைக் கடிக்காத குணம், தீனிக்கு ஓடும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது, இருக்கும் தண்ணீரில் இன்னொரு உயிரின் கழிவுக்கு இடம் இருப்பது. நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 160 லீற்றரில் மூன்று தங்கமீன் இருக்கும்போது அந்தத் தொட்டி வெறுமையாகத் தோன்றலாம். அந்த வெற்றிடம்தான் ஏப்ரல் மாதத்தில் அவற்றைக் காப்பாற்றுவது.

தங்கமீனுக்கு நல்ல துணை தங்கமீனேதான். அதிலும் எல்லா வகையையும் கலக்கமுடியாது. கொமெற்றும் சுபுங்கினும் ஒன்றாக இருக்கலாம். ஒராண்டா, ரியுகின், பான்டெயில் ஒன்றாக இருக்கலாம். கொமெற்றை ஒராண்டாவோடு விட்டுத் தீனி போட்டுப் பாருங்கள். தீனி தண்ணீரைத் தொட்டதும் கொமெற் இரண்டு தரம் வந்து போய்விடும், ஒராண்டா அப்போதுதான் திரும்பிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் அது மெலியும், பார்ப்பவர் நோய் என்று மருந்து போடுவார். பிளாக் மூர் போன்ற பிதுங்கிய கண் வகைகளுக்குப் பார்வை குறைவு. பபுள் ஐ வகைக்குக் கண்ணுக்குக் கீழே தண்ணீர்ப்பை, கூரான எதிலும் பட்டால் கிழியும். இவற்றைத் தங்கள் வகையோடு மட்டும், கல்லும் பிளாஸ்ரிக் செடியும் இல்லாத தொட்டியில் வையுங்கள். 4 சென்ரிமீற்றர் குஞ்சை 12 சென்ரிமீற்றர் மீனோடு விடுவதும் சரிவராது.

வேறு இனம் கட்டாயம் வேண்டுமென்றால் கொமெற் தொட்டியில் சீப்ரா டானியோ ஆறு எட்டுச் சேர்க்கலாம். விரைவாக ஓடும், மேல்மட்டத்தில் நீந்தும், கழிவு குறைவு. வெப்பம் 28ஐத் தாண்டாத தொட்டியாக இருக்கவேண்டும். சில டானியோக்கள் பெரிய கொமெற்றின் வயிற்றுக்குள் போகும் என்பதையும் ஏற்றுக்கொண்டே விடவேண்டும். ரோசி பார்ப் ஆறாவது ஒன்றாக இருந்தால் தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும். இரண்டு மூன்று மட்டும் விட்டால் நீள வாலைக் கடிக்கத் தொடங்கும். இரட்டை வால் மீன்களோடு எப்போதும் வேண்டாம்.

நுளம்பு ஒழிக்கக் கிணற்றில் விடும் கப்பி எங்கள் வெயிலுக்கும் வன்னீருக்கும் மிகப் பொருத்தமான மீன். ஆனால் தங்கமீனுக்கு அது இரைதான். வேறு தொட்டியில் வளருங்கள்.

கடைக்காரர்கள் அதிகம் தள்ளிவிடுவது டாங்க் கிளீனர் என்ற மீனை. பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைக்கும் என்பார்கள். குஞ்சாக இருக்கும்போது கொஞ்சம் தின்னும். வளர்ந்தபின் இரவில் தூங்கும் தங்கமீனின் பக்கவாட்டில் ஒட்டி, மேலிருக்கும் வழுவழுப்புப் படையை உரசித் தின்னும். காலையில் செதில் மங்கி, வட்டமாகச் சிவந்த தடம் தெரிந்தால் காரணம் இதுதான். அது 40 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து, தங்கமீனைவிடக் கூடிய எச்சமும் போடும். கண்ணாடிப் பாசியைத் துடைக்க ஒரு பழைய ஸ்பொஞ்ச் துண்டு போதும்.

ரைகர் பார்ப் வாலைக் கிழிக்கும். ஏஞ்சல், பைற்றர், சிக்லிட் வகைகளும் சரிவராது. கொறிடோரஸ் என்ற சிறு கெளிறு அமைதியானது, ஆனால் அதன் செட்டை முள் விரைத்து நிற்கும். தங்கமீன் விழுங்கப் பார்த்தால் தொண்டையில் மாட்டி இரண்டும் சாகும். கொய் மீன் முற்றத்துப் பெருந்தொட்டிக்கே உரியது. 60 சென்ரிமீற்றரைத் தாண்டும், பல ஆயிரம் லீற்றர் கேட்கும். குளத்தில் பிள்ளைகள் பிடித்து வரும் விரால் குஞ்சு, பனையேறி, சுங்கான், திலாப்பியா எதையும் உள்ளே விடவேண்டாம். விராலுக்குத் தங்கமீன் சாப்பாடு, சுங்கானின் முள் நஞ்சு. பெரிய மஞ்சள் நத்தையையும் தவிருங்கள். தென்கிழக்காசிய நெல்வயல்களை மேய்ந்து அழித்த இனம் அது. எங்கள் வாய்க்கால்களுக்குள் போக ஒரு மழை போதும்.

வளர்ந்துவிட்டது, இனி வைத்திருக்க முடியாது என்று இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ பக்கத்துச் சின்னக் குளத்திலோ தங்கமீனை விடுவது பாவம் பார்ப்பதல்ல. அது அடியைக் கிளறிக் குளத்தைக் கலக்கும், பிற மீன்களின் முட்டையைத் தின்னும், நோயையும் கொண்டுபோகும். 1952இல் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டபின் இன்று அது இல்லாத குளம் தேடவேண்டும். மீன்பிடிக்குப் பயன் தந்தது உண்மை, ஆனால் விட்டதைத் திரும்ப எடுக்கமுடியாது. வேறொரு வளர்ப்பாளரிடமோ வாங்கிய கடையிடமோ கொடுங்கள்.

புதிதாக வரும் எந்த மீனும், ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், மூன்று நான்கு கிழமை வேறு தொட்டியில் இருந்தபிறகே பழைய மீன்களோடு சேரவேண்டும். தனி வலை, தனி வாளி.

நோய் கண்டால்

முதலில் மருந்தல்ல, தண்ணீர்ப் பரிசோதனை. வாயை மேலே தூக்குவது, அடியில் படுப்பது, செட்டையை ஒடுக்குவது, செவுள் சிவப்பது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அமோனியாவே காரணம். உடனே மூன்றிலொரு பங்கு மாற்றி, அடுத்தநாள் திரும்ப மாற்றுங்கள். அமோனியாவால் சுட்ட இடம் ஆறும்போது கறுப்புத் திட்டாகத் தெரியும். அது குணமாவதன் அடையாளம்.

உடலிலும் செட்டையிலும் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளி வந்து, மீன் சுவரில் உரசினால் வெண்புள்ளி நோய். மாரியில் இரவு வெப்பம் சட்டென்று இறங்கும் கிழமைகளில் கவனமாயிருங்கள். ஆனால் செவுள் மூடியிலும் முன்செட்டையின் முதல் எலும்பிலும் மட்டும் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் அது நோயல்ல, இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண்மீன். அந்த நாட்களில் ஆண் பெண்ணைத் துரத்துவதும் சண்டையல்ல. இரண்டு மூன்று ஆண் சேர்ந்து ஒரு பெண்ணை ஓயவிடாமல் துரத்தினால் மட்டும் பெண்ணைச் சில நாள் பிரித்து வையுங்கள். தலைகீழாக மிதந்தால் இரண்டு நாள் பட்டினி போட்டு, மூன்றாம் நாள் தோல் நீக்கிய பட்டாணி. ஊசிபோல் ஒன்று தோலில் குத்தி நின்றால் அது நங்கூரப்புழு. இடுக்கியால் அடியோடு பிடித்து மெதுவாக இழுத்து, காயத்தில் ஒரு துளி அயடீன் தடவுங்கள். செதில்கள் பலாப்பழத் தோல்போல் எழும்பி நின்றால் உள்ளுறுப்பு கெட்டுவிட்டது, அந்த மீனைத் தனியே எடுங்கள். பிழைப்பது அரிது.

வெண்புள்ளிக்கு மருந்து உப்பு. ஆனையிறவுக் கல்லுப்பு நல்லதுதான், வேறெதுவும் கலக்காத வெறும் உப்பாக இருந்தால் போதும். லீற்றருக்கு 3 கிராம் என்ற அளவுக்கு வரவேண்டும், ஒரே தடவையில் அல்ல. 100 லீற்றர் தொட்டி என்றால் 100 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் முழுவதும் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். 12 மணித்தியாலம் கழித்து இன்னொரு 100 கிராம், பிறகு இன்னொரு 100. தொட்டியின் அளவை நீளம், அகலம், தண்ணீர் உயரம் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் வரும், கண்மதிப்பில் போடவேண்டாம். செடியும் நத்தையும் இருந்தால் முதலே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். எயார் பம்ப் இரவுபகல் ஓடவேண்டும். புள்ளிகள் மறைந்த பிறகும் நிறுத்தாமல் மொத்தம் இரண்டு கிழமை வையுங்கள், ஏனெனில் உப்பு கொல்வது தண்ணீரில் நீந்தித் திரியும் குஞ்சு ஒட்டுண்ணியை மட்டுமே, மீனின் தோலுக்குள் இருப்பதையல்ல. இடையில் தண்ணீர் மாற்றினால் எடுத்த அளவுக்குரிய உப்பை மட்டும் திரும்பச் சேருங்கள். 30 லீற்றர் எடுத்தால் 90 கிராம். ஆவியாகிக் குறைந்ததற்கு உப்பில்லாத தண்ணீர் மட்டும். இரண்டு கிழமை முடிந்தபின் மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கை உப்பில்லாத தண்ணீரால் மாற்றி, நாலைந்து தடவையில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.